அறியாமையா, வறுமையா? — பிரித்தானிய நகர்ப்புறத் தொழிலாளரின் உணவு வரலாறு

நகரத்து ஏழைக் குடும்பங்கள் மரக்கறிகளையும் கீரைவகைகளையும் பழங்களையும் போதியளவு உண்பதில்லை என்பது இன்று உலகின் பல நாடுகளிலும் கேட்கப்படும் குறைபாடாகும். அதனை நிவர்த்தி செய்யவெனத் திட்டங்கள் பல வகுக்கப்படுகின்றன, சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன, சமையல் வகுப்புகள் நடத்தப்படுகின்றன. ஆயின் இத்திட்டங்கள் யாவற்றுக்கும் அடியிலே பழைய வினாவொன்று விடை வேண்டி நிற்கிறது. ஏழைத் தாய் ஏன் மரக்கறி வாங்குவதில்லை? அதன் அருமையை அவள் அறியாமையாலா? அன்றி, அதனை வாங்க அவளிடம் காசில்லாமையாலா? முதல் விடையை ஏற்போர் போதனையை நாடுவர். இரண்டாவதை ஏற்போர் கூலியையும் விலையையும் வாடகையையும் பற்றிப் பேசுவர். இவ்விரு விடைகளுக்குமிடையே நிகழ்ந்த போராட்டத்தைத் தெளிவாகக் காணத்தக்க களம் 1930களிலும் 1940களிலும் பிரித்தானியாவின் தொழில் நகரங்களே எனலாம். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இவ்வரலாறு வெறும் அயல்நாட்டுச் செய்தியாகாது. போதனை நமது தொழில்; போதனையின் எல்லை எதுவென நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் வடகிழக்கிலே ரீஸ் நதிக்கரையில் அமைந்தது ஸ்ரொக்ரன் நகரம். கப்பல் கட்டுந் தொழிலையும் இரும்புத் தொழிலையும் நம்பி வாழ்ந்த அந்நகரத்தைப் போருக்குப் பிந்திய பொருளாதார மந்தம் கடுமையாகத் தாக்கிற்று. 1927ஆம் ஆண்டிலே நகரசபை அங்கிருந்த சேரியொன்றை அகற்றி, அதில் வாழ்ந்த 152 குடும்பங்களை, அதாவது 710 பேரை, மவுண்ட் பிளசன்ற் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றியது. புதிய வீடுகளில் குளிப்பதற்கு வசதி இருந்தது. காற்றோட்டமுள்ள உணவறை இருந்தது. நல்ல வீடு கிடைத்தால் நல்ல சுகம் கிடைக்கும் என்பதே யாவரும் கொண்ட எதிர்பார்ப்பு.

நிகழ்ந்ததோ வேறு. நகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரியாகிய மக்கொனிகிள் என்பார், இடமாற்றத்துக்கு முந்திய ஐந்தாண்டுகளையும் பிந்திய ஐந்தாண்டுகளையும் ஒப்பிட்டார். வயதமைப்பின் வேறுபாட்டைச் சரிப்படுத்திக் கணக்கிட்டபோதும், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23 ஆக இருந்த இறப்பு வீதம் புதிய வீடுகளில் 33க்கு மேல் ஏறியிருந்தது. அதே காலத்தில், இடம்பெயராது மற்றொரு சேரியில் எஞ்சியிருந்த மக்களிடையே இறப்பு வீதம் குறைந்திருந்தது. காரணத்தைத் தேடிய அவர் கடைசியில் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கிலே வந்து நின்றார். புதிய வீட்டின் வாடகை பழைய வாடகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வருமானமோ ஏறவில்லை, பலர் வேலையற்றோர். வாடகையைக் குறைத்துக் கொடுக்க இயலாது. கொடாவிட்டால் வீடு போய்விடும். ஒரு குடும்பத்தின் செலவுகளுள் சத்தமின்றிக் குறைக்கக்கூடியது உணவுச் செலவு ஒன்றே. உணவிலும் முதலில் குறைவன பாலும் மரக்கறியும் பழமும் இறைச்சியுமே. பாணும் மாஜரினும் சீனியிட்ட தேநீரும் கடைசிவரை நிற்கும். ஏனெனில் அவையே குறைந்த காசுக்கு வயிற்றை நிரப்புவன.

மக்கொனிகிளின் ஆய்வை நாம் அளவுக்கு மீறிப் போற்ற வேண்டியதில்லை. எழுநூறு பேரென்பது சிறிய தொகை. ஐந்தாண்டு என்பதும் குறுகிய காலம். எனினும் அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. அதே நகரத்தில் வேலையுள்ள குடும்பங்களையும் வேலையற்ற குடும்பங்களையும் ஒப்பிட்டு, பின்னவரிடையே இறப்பு மிகுந்திருப்பதையும் காட்டினார். 1936ஆம் ஆண்டில் கேர்பி என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ‘வறுமையும் பொதுச் சுகாதாரமும்’ என்னும் நூல், நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்ட திட்டமொன்று ஏழையின் உணவுத் தட்டிலிருந்தே தன் செலவை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதை உலகுக்கு உணர்த்திற்று. திட்டங்களை மதிப்பிட முற்படும் எவரும் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவே.

அதே 1936இல் ஸ்கொத்லாந்து விஞ்ஞானியாகிய ஜோன் போய்ட் ஓர் தமது ‘உணவு, சுகம், வருமானம்’ என்ற ஆய்வை வெளியிட்டார். 1,152 குடும்பங்களின் உணவுக் கணக்குகளைத் திரட்டி, நாட்டு மக்களை வருமானத்தின்படி ஆறு கூறுகளாக அவர் வகுத்தார். அடித்தளத்திலிருந்த 45 இலட்சம் மக்கள் ஆளொன்றுக்கு வாரமொன்றில் உணவுக்குச் செலவிட்டது 4 சிலிங் மாத்திரமே. பாணும் உருளைக்கிழங்கும் எல்லாக் கூறுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே உண்ணப்பட்டன. ஆயின் பால், முட்டை, மரக்கறி, பழம், இறைச்சி ஆகியவற்றின் நுகர்வு வருமானம் ஏற ஏற ஏறிச் சென்றது. பூரண சுகத்துக்குப் போதிய உணவு மக்கள்தொகையின் ஏறத்தாழ மேற்பாதிக்கே கிட்டிற்று என்பது அவருடைய முடிபு. இவ்வாய்விலும் குறைகள் இல்லாமலில்லை. கணக்குகள் பல இடங்களிலிருந்து திரட்டப்பட்டவை. அவை மக்கள் அனைவரையும் சரிவரப் பிரதிநிதித்துவஞ் செய்தன எனல் இயலாது. எனினும் படிப்படியாக ஏறிச் செல்லும் அவ்வொழுங்கு எவராலும் மறுக்கவியலாததாயிற்று. அறியாமையே காரணமாயின், அறியாமை எங்ஙனம் கூலியின் அளவுக்கேற்ப இத்துணை ஒழுங்காகப் பங்கிடப்பட்டிருக்கும்?

ஆனால் அரசாங்க வட்டாரங்களுக்கு அறியாமை என்னும் விடையே வசதியாக இருந்தது. தொழிலாளியின் மனைவி சமைக்கத் தெரியாதவள், சிக்கனம் அறியாதவள், தகர உணவை வாங்கிக் காசை வீணாக்குபவள் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுந்தது. அவளைத் திருத்துவதற்குத் துண்டுப்பிரசுரம் போதும். உதவித்தொகையை உயர்த்த வேண்டியதில்லை. இதற்கு மறுமொழி வீதியிலிருந்து வந்தது. வேலையற்றோர் தேசிய இயக்கம் பட்டினி நடைப்பயணங்களை நடத்தியது. 1934இல் முற்போக்கு விஞ்ஞானிகளும் வைத்தியரும் போசாக்கின்மைக்கெதிரான குழுவொன்றை அமைத்தனர். ஆய்வுகூடமும் வீதியும் ஒரே உண்மையை இருவேறு மொழிகளிற் பேசிய காலம் அது.

எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியான ‘விகன் துறைமுகப் பாதை’ என்ற நூலில் இவ்விவாதத்துக்குப் புதியதொரு கோணத்தைச் சேர்த்தார். வேலையற்றவன் கரட்டையும் தவிட்டுப் பாணையும் உண்டு மலிவாகச் சுகமாய் வாழலாம் எனக் கணக்குப் போட்டுக் காட்டுவது எளிது. ஆனால் வாழ்வில் வேறு இன்பம் எதுவுமற்றவன் சுவையற்ற சத்துணவை நாடமாட்டான், நாவுக்கு ஏதேனும் உறைப்பாகவோ இனிப்பாகவோ தேடுவான் என்பது அவர் கருத்து. அறியாமை, வறுமை என்ற இரண்டுக்கும் அப்பால் சோர்வு என்ற மூன்றாவது காரணமும் உண்டென்பதை அவர் கண்டார். அச்சோர்வும் வறுமையின் பிள்ளையே.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ஸ்ரொக்ரனிலும் விகனிலும் ஏழைக் குடும்பத்தின் பசியை மந்தப்படுத்திய அத்தேநீர் எங்கிருந்து சென்றது? அசாமிலிருந்தும் இலங்கையின் மலைநாட்டிலிருந்தும் சென்றது. அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்த நம் மலையகத் தாய்மாரின் குறைந்த கூலியே அங்குள்ள தாயின் தேநீரை மலிவாக்கிற்று. இரு பெண்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருடைய சட்டியிலும் கீரை குறைவாகவே இருந்தது.

1939இல் யுத்தம் மூண்டது. உணவின் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்கி வாழ்ந்த நாடு, கடற்பாதைகள் அடைபடவே, யார் எதை உண்பது என்பதைச் சந்தையின் கையில் விட்டுவைக்க இயலாத நிலைக்கு வந்தது. 1940 ஜனவரி 8ஆம் திகதி பங்கீடு தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் வூல்டன் பிரபு உணவு மந்திரியானார்; சத்துணவு விஞ்ஞானியாகிய ஜக் டிரமண்ட் அவருக்கு ஆலோசகர். வெண்ணெய், சீனி, இறைச்சி முதலியன கூப்பனுக்குள் வந்தன. மரக்கறிகள் யுத்தகாலத்திற் பங்கிடப்படவில்லை. மாறாக, இயன்றவரை உண்ணுமாறு மக்கள் தூண்டப்பட்டனர். உருளைக்கிழங்கின் விலை அரசாங்கப் பணத்தால் தாழ்த்தி வைக்கப்பட்டது. ‘வெற்றிக்காகக் கொத்துவோம்’ என்ற இயக்கம் பூங்காக்களையும் வெற்று நிலங்களையும் தோட்டங்களாக்கிற்று. நகரத்தாருக்குப் பயிரிடக் கொடுக்கப்பட்ட நிலத்துண்டுகள் ஏறத்தாழ 14 இலட்சமாகப் பெருகின. வானொலியில் ‘சமையலறைப் போர்முனை’ என்ற நிகழ்ச்சி காலைதோறும் ஒலித்தது. நகரசபைகள் நடத்திய ‘பிரித்தானிய உணவகங்கள்’ 1943இல் ஈராயிரத்தைத் தாண்டின. ஏறக்குறைய ஒரு சிலிங்குக்கு அங்கே மரக்கறியோடு கூடிய மதிய உணவு கிடைத்தது. 1940இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,30,000 ஆக இருந்த பாடசாலை உணவு 1945இல் 16 இலட்சத்துக்கு மேலாயிற்று.

திட்டங்களை வகுப்பது ஒன்று. அவை மெய்யாகவே பயன் தந்தனவா என அறிவது மற்றொன்று. இவ்விடத்திலேதான் இவ்வனுபவத்தின் தனிச்சிறப்பு இருக்கிறது. 1940 ஜூலையில் யுத்தகால உணவுக் கணிப்பு என்றொரு விசாரணை தொடங்கப்பட்டது. அது முதலில் எடுத்துக்கொண்டது நகர்ப்புறத் தொழிலாளர் குடும்பங்களையே. குடும்பப் பெண் ஒரு வாரம் முழுவதும் வீட்டுக்குள் வந்த உணவுப்பொருள் ஒவ்வொன்றையும் நிறையோடும் விலையோடும் குறித்துவைத்தாள். அறியாதவள் என்று பழிக்கப்பட்ட அதே பெண்ணின் கையெழுத்தே அரசாங்கக் கொள்கையின் உரைகல்லாயிற்று. 1940 முதல் 1949 வரையான இக்கணக்குகள் திரட்டப்பட்டு 1951இல் நூலாக வெளிவந்தன. தேசிய உணவுக் கணிப்பு என்ற பெயரோடு அம்முயற்சி பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

கணக்கு என்ன கூறிற்று? நாடு முழுவதும் உருளைக்கிழங்கின் நுகர்வு யுத்தத்துக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. கோவா, கரட் முதலிய மரக்கறிகளும் கூடுதலாக உண்ணப்பட்டன. பழம் வெகுவாகக் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வெண்காயம் பிரான்சு வீழ்ந்ததோடு கடைகளிலிருந்து மறைந்தது. செல்வருக்கும் ஏழைக்குமிடையே உணவில் இருந்த இடைவெளி சுருங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் பிறப்புக்கு 1939இல் 51 ஆக இருந்த சிசு மரணம் குண்டுவீச்சுக் காலமாகிய 1941இல் 60 ஆக ஏறியும், 1945இல் 46 ஆக இறங்கியது.

இவ்வெற்றிக்கு உரியவர் யார்? இவ்வினாவை நாம் நேர்மையாக ஆராய்தல் வேண்டும். 1930களின் முற்பகுதியில் முப்பது இலட்சத்தை அணுகியிருந்த வேலையில்லாதோர் தொகை யுத்த உற்பத்தியால் ஏறக்குறைய இல்லாதொழிந்தது. கூலி வந்தது, விலைக்கட்டுப்பாடு இருந்தது, வீட்டு வாடகை உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தது, பிள்ளைக்குப் பாடசாலையிலே உணவு கிடைத்தது, இறைச்சியும் வெண்ணெயும் கையிற் காசிருந்தும் கிடைக்காமையால் தட்டிலே கிழங்கும் கோவாவும் இடம்பிடித்தன. இவையனைத்தும் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனி நிறுத்துக்காட்டல் இயலாது. வானொலிப் பேச்சும் சுவரொட்டியுமே மக்களை மாற்றின என்பார் வரலாற்றின் ஒரு மூலையை மட்டும் காண்கின்றனர். ஆயின் போதனை பயனற்றதென்றும் நாம் கூறவில்லை. முன்பு வீணாய்ப்போன போதனை, கையிற் கூலியும் கடையிற் கரட்டும் வந்தபின் செவியேறிற்று என்பதே உண்மை.

திட்டங்களின் குறைகளும் கற்பிப்பனவே. 1940இல் கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ பால் வழங்கும் திட்டம் தொடங்கியது. 1941 இறுதியில் விற்றமின் திட்டம் வந்தது. பின்னர் தோடம்பழச் சாறும் மீனெண்ணெயும் அதன்வழி வழங்கப்பட்டன. பாலை உரியவர்களுட் பெரும்பான்மையோர் பெற்றனர். பழச்சாற்றையோ பாதிப்பேர்கூடப் பெறவில்லை. ஒரே தாய், ஒரே அறிவு. வேறுபாடு எங்கே? பால் வாசற்படிக்கே வந்தது. பழச்சாற்றுக்கு விநியோக நிலையம்வரை நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். குண்டு விழும் நகரத்தில், கைக்குழந்தையோடு, தொழிற்சாலை வேலையும் முடித்து வரும் பெண்ணுக்கு அந்த நடையே விலை. விலை காசாக மாத்திரம் அறவிடப்படுவதில்லை.

இப்பிரகாசத்தின் அடியில் கிடந்த இருளையும் நாம் மறைத்தலாகாது. பிரித்தானியத் தொழிலாளியின் உணவுத்தட்டு சமன்பட்ட அதே ஆண்டுகளில், 1943இல், அதே ஏகாதிபத்தியத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த வங்காளத்திலே ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பஞ்சத்தாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர். விலையைக் கட்டுப்படுத்தவும் பங்கிடவும் கணக்கெடுக்கவும் தெரிந்திருந்த ஓர் அரசு, அவ்வறிவை யாருக்குப் பயன்படுத்துவது என்பதில் நிறமும் குடியேற்றமும் பார்த்தது. விஞ்ஞானம் ஒருபோதும் தானாக ஏழையிடம் வந்து சேர்வதில்லை. வாக்கும் இயக்கமும் உள்ள ஏழையிடமே அது விரைந்து வந்தது.

1954 ஜூலையில் பங்கீடு முற்றாக முடிந்தது. நலன்புரித் திட்டங்கள் சில நீடித்தன, சில தேய்ந்தன. 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இலவசப் பால் நிறுத்தப்பட்டது. 1980இன் கல்விச் சட்டம் பாடசாலை உணவுக்கிருந்த போசாக்கு நியமங்களை அகற்றியது. 1990களில் ‘உணவுப் பாலைவனம்’ என்ற சொல் பிறந்தது. ஏழைகளின் குடியிருப்பில் நல்ல கடை இல்லை, ஆதலால் அவர்கள் மரக்கறி உண்பதில்லை என்ற கருத்து பரவியது. 2000ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்தின் சீக்றொவ்ற் பகுதியிலே பெரிய அங்காடியொன்று திறக்கப்பட்டபோது, அதற்கு முன்னும் பின்னும் மக்களின் உணவை ஆராய்ந்தோர், மிகக் குறைவாக உண்டவர்களிடையே சிறிதளவு ஏற்றத்தைக் கண்டனர். ஆனால் கிளாஸ்கோவில் அத்தகைய கடை திறக்கப்பட்ட பகுதியையும் திறக்கப்படாத மற்றொரு பகுதியையும் ஒப்பிட்டு நோக்கியபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தோன்றவில்லை. ஒப்பீடின்றிச் செய்யும் மதிப்பீடு எத்துணை எளிதில் நம்மை மகிழ்விக்கும் என்பதற்கு இஃதொரு சான்று. கடையை அருகிற் கொணர்ந்தாற் போதாது. பையிற் பணமும் வேண்டும்.

பணத்தின் பங்கு அமெரிக்காவில் இன்னுந் தெளிவாக அளக்கப்பட்டது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் பகுதியில், அரசாங்க உணவு உதவி பெறும் குடும்பங்களுள் 7,500 திருவுளச்சீட்டு முறையிலே தெரிவுசெய்யப்பட்டன. மரக்கறிக்கும் பழத்துக்கும் அவர்கள் செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 30 சதம் திரும்பக் கொடுக்கப்பட்டது. தெரிவுசெய்யப்படாதோரைவிட அவர்கள் ஏறத்தாழ 26 வீதம் கூடுதலாக மரக்கறியும் பழமும் உண்டனர். அளவில் அது நாளொன்றுக்குக் காற்கோப்பையளவே. எனினும் அது மெய்யான ஏற்றம். விலையைத் தொட்டமையால் விளைந்த ஏற்றம்.

பிரித்தானியாவிலோ, 1940இன் நலன்புரி உணவுத் திட்டத்தின் இடத்துக்கு 2006இல் ‘சுகமான தொடக்கம்’ என்ற திட்டம் வந்தது. வருமானங் குறைந்த கர்ப்பிணிகளுக்கும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கும் பாலும் பழமும் மரக்கறியும் வாங்கும் சீட்டு வழங்கப்பட்டது. இச்சீட்டு மரக்கறிச் செலவை உயர்த்தியதென்றும், அதே தொகையைக் காசாகக் கொடுத்திருந்தால் விளைந்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலாக உயர்த்தியதென்றும் 2018இல் வெளியான பொருளியலாய்வொன்று காட்டிற்று. வறுமையே காரணம் எனக் கூறும் நாமும் இம்முடிபை ஏற்று நமது கருத்தைச் செம்மைப்படுத்திக்கொள்ளல் தகும்: உதவியின் அளவு போலவே அதன் வடிவமும் பொருட்படுத்தற்குரியது. ஆனால் அந்நற்பயனை அரசாங்கமே அரித்தது. 2009இல் 3.10 பவுணாக இருந்த வாராந்தச் சீட்டின் பெறுமதி 2021வரை அசையாது நின்றது. கடையில் விலை ஏறியது, சீட்டு ஏறவில்லை. ஸ்ரொக்ரனில் வாடகை செய்ததை இங்கே விலைவாசி சத்தமின்றிச் செய்தது.

ஏறத்தாழ நூறாண்டுகளின் இவ்வனுபவத்தை ஒருங்கே நோக்குமிடத்து, மரக்கறித் திட்டமொன்றை மதிப்பிடுவோர் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன. அத்திட்டம் குடும்பத்தின் கையிலுள்ள காசைக் கூட்டிற்றா, குறைத்ததா? அதனைப் பெறத் தாய் எவ்வளவு தூரம் நடந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள், எத்துணை கூசினாள்? திட்டம் எட்டாத குடும்பங்கள் எவை? அது கிடையாத அயற்பகுதியில் அதே காலத்தில் என்ன நிகழ்ந்தது? இக்கேள்விகளைக் கேளாது, அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களின் தொகையையும் நடத்திய வகுப்புகளின் தொகையையும் எண்ணிக்காட்டும் அறிக்கை மதிப்பீடாகாது.

நாம் நாளையும் வகுப்பறைக்குச் செல்வோம். சுகாதார பாடத்திலே கீரையின் இரும்புச்சத்தையும் கரட்டின் விற்றமினையும் கரும்பலகையில் எழுதுவோம். எழுதத்தான் வேண்டும், அறிவு பிள்ளையின் உரிமை. ஆனால் பின்வாங்கில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டு, அவன் தாயை அறியாதவள் என்று மனத்துக்குள்ளேனும் குறைகூறும் கணத்தில், மவுண்ட் பிளசன்ற்றின் அழகிய வீடுகளை நாம் நினைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வீடுகளின் உணவறைகளில் காற்றோட்டம் நன்றாகவே இருந்தது. உள்ளே வைப்பதற்கு உணவுதான் இருக்கவில்லை.